வழக்கமான துடிப்பு

மிளகாய் அரைக்கும் மெஷினுக்குக் கடன் கொடுத்தவர்கள் செண்பகவல்லியின் கையில் ஒரு வளையலையும் மாட்டிவிட்டார்கள். பெண்ணை மிரட்டி யாரும் தொழிலைப் பிடுங்கிவிடக் கூடாதாம். நாடித்துடிப்பு வழக்கத்திலிருந்து மாறினால் அது கண்டுபிடித்து மெஷினை நிறுத்திவிடும். வழக்கமான துடிப்பைப் பதிந்த அன்று, புருஷன் காசிராஜன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

இன்று அவன் வெளியூர் போயிருந்தான். மெஷினை ஓடவிட்டு, அவள் பாடிக்கொண்டே பொடியைச் சலித்தாள்.

"என்னக்கா, பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு முத்துக்கனி.

"அவுக ஊர்ல இல்லல்லா."

வளையல் சிவந்தது. மெஷின் நின்றது.

"உங்கள் துடிப்பு வழக்கத்தைவிட மிகவும் தணிந்திருக்கிறது. யாராவது மிரட்டுகிறார்களா?" என்று வளையல் கேட்டது.

"இல்லயே. நல்லாத்தான் இருக்கேன்."

"பயப்படாதீர்கள். உங்கள் கணவரை உடனே வரச் சொல்லிவிட்டோம்."

அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வளையல் பச்சையானது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.