ஒதுங்க இடம் கேட்டவர்கள்

தணிகாசலத்தின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவருக்கு, பெரிய கொழுப்பு உருண்டையைக் கண்டாலே ஆகாது. "இடிக்காமப் போ" என்று விரட்டும். அதுவும் பேசாமல் உருண்டு போய்விடும்.

சின்ன உருண்டைகள் அப்படியில்லை. "அக்கா, வெளியே ஒரே நெரிசல். கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கிறோம்" என்று பணிவாகக் கேட்டன. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை தினமும் உரசி உரசிச் சுவரில் கீறல் விழுந்திருந்தது. இத்தனூண்டுதானே என்று அந்த வழியாகச் சுவர் அவற்றை உள்ளே விட்டது.

உள்ளே போன ஒன்றும் திரும்பவில்லை. சுவர் வீங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் பெரிய உருண்டை முட்டிக்கொண்டு நின்றது. "என்னக்கா, வழியையே காணோம்?"

சுவருக்குப் பயம் வந்துவிட்டது. "எல்லாரும் வெளியே போங்க" என்று உள்பக்கம் கத்தியது.

வெளியே தணிகாசலத்தின் குரல் கேட்டது. "மொத்தக் கொழுப்பு நார்மல்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. ரெண்டு ஜாங்கிரி வை." அந்த ரிப்போர்ட்டில் சின்ன உருண்டைகளை யாரும் எண்ணியிருக்கவில்லை.

கீறலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் பணிவாகச் சொன்னது. "அக்கா, எங்க ஆளுங்க இன்னும் வர்றாங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

சுவர் நிமிர்ந்து பார்த்தது. இனி நகர்ந்தால் எதிர்ச்சுவர்தான்.