அடுக்குக் கேக்குக்குள் நிலா

கூச்சிங் நகரில், மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால், தாயாங் சுராயா கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறாள். அவள் செய்த அடுக்குக் கேக்கின் உள்கோலம் வெட்டினால்தான் தெரியும். அது கோணினால் வந்தவர்கள் வாயும் கோணும். கணவர் ஜைனி கத்தியை இறக்குகிறார். ‘கரக்’. துண்டு சாய்கிறது. பச்சை, சிவப்பு நட்சத்திரங்களுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு வட்டம், ஜன்னல் வெயிலில் பளபளக்கிறது. காலையிலிருந்து தேடிய கேமரா மூடி! ஜாம் தடவி அடுக்குகளை ஒட்டியபோது அதுவும் சேர்ந்து ஒட்டியிருக்கிறது. சுராயா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குகிறாள். “தலையணை உறையைக்கூட உதறிப் பாத்தேனே!” என்கிறார் ஜைனி. வந்ததிலிருந்து சிரிக்காத மாப்பிள்ளையின் அம்மா, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். “நட்சத்திரம் எல்லாரும்தான் வைக்கிறாங்க. நிலா வச்சது நீங்கதான், சம்பந்தி” என்று தட்டை நீட்டுகிறார். “அந்தத் துண்டு எனக்கு.”