பதினெட்டு ஈரல்கள்

ஈரலை வாடகைக்கு விடுவதுதான் பூபாலனுக்கு வேலை. மருந்துக் கம்பெனியில் தினமும் ஈரலைக் கெடுக்கும் வெள்ளை மாத்திரை ஒன்றும், ஈரலைக் காக்கும் கீழாநெல்லிச் சத்தடைத்த பச்சை மாத்திரை ஒன்றும் கொடுப்பார்கள். பச்சை வேலை செய்கிறதா என்பதுதான் சோதனை.

வெள்ளையை விழுங்குவான். பச்சையைக் கடைவாய்ப் பல் விழுந்த பள்ளத்தில் ஒதுக்கிவிட்டு, நர்ஸிடம் நாக்கைத் தூக்கிக் காட்டுவான். அது காசநோய் மருந்து தின்றே ஈரல் கெட்டுப்போன மகள் தாமரைக்கு.

"எச்சில் மாத்திரை குடுத்தே என்னைத் தேத்திட்டியேப்பா," என்று நேற்றுகூடக் கேலி செய்தாள். நாற்பதே நாளில் அவள் கண்ணில் மஞ்சள் வடிந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள்.

இப்போது பூபாலன் கண்ணில் மஞ்சள்.

"பச்சையை ஒரு நாளாவது விட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க," என்றார் சோதனையை நடத்தும் டாக்டர் ரெஹானா.

விட்டேன் என்றால் வேலை போகும். தாமரைக்கு மாத்திரையும் போகும்.

"ஒரு நாள்கூட விடலைங்க மேடம்."

"வெளியில இருக்கிற பதினேழு பேரும் இதேதான் சொல்றாங்க. எல்லாருக்கும் ஈரல் போச்சு." டாக்டர் போனை எடுத்தார். "இந்த இலையில ஒண்ணுமில்ல. இருக்கிற பச்சை மாத்திரை மொத்தத்தையும் எரிச்சிடுங்க."

பூபாலன் வெளியே வந்தான். பெஞ்சில் இருந்த பதினேழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் யாரோ ஒருவர் தேறி வந்துகொண்டிருந்தார்.