வியாழக்கிழமை ஏழாவது பீரியட்

வெயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மைதானத்தின் நடுவில். சம்மணம் போட்டு.

சுற்றிலும் முப்பத்தெட்டுப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் அவளோடு பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவர்கள். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இன்றுதான் அவர்களை வெளியே விட்டிருக்கிறார்கள்.

கால அட்டவணைப்படி வியாழக்கிழமை ஏழாவது பீரியட் விளையாட்டு. அழகாக அச்சடித்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வாராவாரம் அந்த நேரத்துக்குக் கணக்கு டீச்சர் செல்வராணி வந்து நிற்பார்.

"போர்ஷன் முடியல" என்பார்.

ஐந்து மாதமாக முடியாத போர்ஷன்.

இன்று ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வருகிறார். அதனால் இன்று விளையாடலாம். விளையாடியே ஆக வேண்டும். சிரித்த முகமாக விளையாட வேண்டும் என்று காலை பிரேயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

கேட்டபோதே, ஆடப்போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

போன வருடம் அவள்தான் வாலிபால் டீம் கேப்டன். இந்த வருடம் டீமே இல்லை. காலையில் டியூஷன், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். வாரத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த நாற்பது நிமிடம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். இன்று யாரோ பார்க்க வேண்டும் என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

"வாடி. இன்னைக்காவது ஆடலாம்" என்று பெனாசிர் கெஞ்சினாள்.

ஆசை இல்லாமல் இல்லை. பந்து அடிபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளங்கை துறுதுறுத்தது. ஆனால் இன்று ஆடினால், அவர்கள் சொல்லும் பொய்யை அவளும் சேர்ந்து சொன்ன மாதிரி.

அடுத்த கணக்கைப் போட்டாள். விடை தப்பாக வந்தது.

வரட்டும்.

அதிகாரி வந்தார். பின்னால் தலைமை ஆசிரியை, செல்வராணி டீச்சர். அவளைப் பார்த்ததும் டீச்சரின் முகம் வெளிறிப்போனது.

அதிகாரி குனிந்து நோட்டைப் பார்த்தார்.

"விளையாட்டு பீரியட்லகூட படிக்குது பாருங்க. இந்த மாதிரிப் பிள்ளைங்கதான் ஸ்கூலுக்குப் பேர் வாங்கித் தரும்."

தலைமை ஆசிரியை கைதட்டினார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று, எதற்கென்று தெரியாமல் அவர்களும் தட்டினார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே அவள் தோளில் கை வைத்தார்.

அந்தக் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"எங்களுக்கு இது எப்பவுமே கணக்கு பீரியட்தான் சார். ஜூன்ல இருந்து இன்னைக்குத்தான் கிரவுண்டுக்கு விட்டாங்க."

கைதட்டல் நின்றது.

அதிகாரி அவளைப் பார்த்தார். தலைமை ஆசிரியையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீ ஆறிடும், வாங்க சார்" என்றார் தலைமை ஆசிரியை.

போய்விட்டார்கள். அவ்வளவுதான். ஒரு கேள்விகூட இல்லை.

செல்வராணி டீச்சர் மட்டும் நின்றார்.

"உன் இன்டர்னல் மார்க் நான்தான் போடணும். ஞாபகம் வச்சுக்கோ." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சார் பார்த்துட்டுப் போயாச்சுல்ல? எல்லாரும் கிளாஸுக்கு நடங்க."

யாரும் நகரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணியடிக்க இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.

பெனாசிரின் கையிலிருந்து பந்தை வாங்கினாள். டீச்சரைத் தாண்டி நடந்து, சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

பந்தை உயரே போட்டு, ஓங்கி அடித்தாள்.