பூட்டிய கராஜ்

"கராஜைப் பூட்டிட்டியே? அந்த வாள், கிரீடம், இறகுச் செட்டை ஒண்டும் அவையளின்ரை கண்ணில படக்கூடாது!"

உஷா மகளை விரட்டிக்கொண்டிருந்தாள். சஞ்சீவன் வீட்டார் பாட்டனி டவுன்ஸிலிருந்து பெண் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்கள்.

"பூட்டிட்டன் அம்மா. ஆனா ஏன் ஒளிக்கோணும்? களவெடுத்தே உழைக்கிறன்?"

பிரணவி உழைப்பது காஸ்ப்ளேயில். கார்ட்டூன் வீராங்கனைகளைப் போல உடுப்புத் தைப்பாள், கவசம் செய்வாள், வேஷம் கட்டிக்கொண்டு வீடியோ எடுத்து இணையத்தில் போடுவாள். மாதாமாதம் சந்தா கட்டும் ரசிகர்கள்தான் அதைப் பார்க்கலாம். மனுரேவாவில் அவர்கள் இருக்கும் இந்த வீட்டின் மோட்கேஜ் கடனில் பாதி அந்தச் சந்தாவில்தான் போகிறது.

"மோட்கேஜ் கட்டேக்க இனிக்குது. வெளியில சொல்லத்தான் கசக்குதோ?"

"இதைக் கேள்விப்பட்டுத்தானே போன சம்பந்தம் குழம்பினது? நீ எல்லர்ஸ்லியில ஒரு கொம்பனியில அக்கவுண்டன் எண்டு நான் சொல்லிப்போட்டன். நீ வாய் திறக்காதை."

கோயிலில் பார்த்த நாளிலிருந்தே பிரணவிக்குச் சஞ்சீவனைப் பிடித்திருந்தது. அதனால் அரைமனதோடு தலையாட்டினாள்.

வந்ததும் சஞ்சீவன் நல்ல பிள்ளையாகச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். அவன் தாய் சுகந்தினிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"கராஜ் நல்ல பெரிசு போல. ஒருக்காப் பாக்கலாமோ?"

உஷா வடைத் தட்டோடு ஜன்னலடிக்கு ஓடினாள். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்!

"ஐயோ, அதுக்குள்ள ஒரே குப்பை அக்கா. நீங்கள் வடையைச் சாப்பிடுங்கோ."

வடையைக் கையில் எடுத்த சுகந்தினி அதைக் கடிக்கவில்லை.

"பிள்ளைக்கு என்ன வேலை எண்டனீங்கள்?"

"அக்... அக்கவுண்டன்."

"ஓகோ. கலியாணத்துக்குப் பிறகு வேலையை விட்டிடுவாவோ?"

தேத்தண்ணீரோடு வந்த பிரணவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தட்டை மேசையில் வைத்தாள்.

"அன்ரி, நான் அக்கவுண்டன் இல்லை. வேஷம் கட்டித்தான் உழைக்கிறன். அது எனக்கு உயிர். அதை விட்டாத்தான் கலியாணம் எண்டா எனக்குக் கலியாணம் வேண்டாம். குறை நினைக்காதேங்கோ."

உஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்தச் சம்பந்தமும் போச்சு. சஞ்சீவன் தாயைப் பார்த்தான். தாய் பிரணவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சுகந்தினி பிரணவியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"எனக்கு எல்லாம் தெரியும் பிள்ளை. பொம்பிளை பாக்கிறதெண்டா நாலு பக்கத்தாலயும் விசாரிக்கிறதுதானே? விசாரிச்சுப் பாப்பம் எண்டு ஒரு மாசத்துக்கு மட்டும் சந்தா கட்டினனான், இண்டை வரைக்கும் நிப்பாட்ட மனம் வரேல்லை. மருமகளா வந்தாப் பிறகு எனக்கு ஃப்ரீதானே?"