டிக் போட்ட கட்டம்

மார்ச் 12, புதன்.

நேற்றைய பக்கத்தில் 'சேமி பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. அழுத்தினேன். கம்ப்யூட்டர் வகுப்பில் பக்கத்து மிஷினில் உட்காரும் டிரைவர் அண்ணன் சாட்சி.

போன வாரம் வகுப்பில் மேடம் சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயம். தேடிக் கிடைத்த பட்டியலில் ஒன்றை அழுத்தினால், பட்டியல் மறைந்து அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. செட்டிங்கில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுச் சேமித்துவிட்டால் ஒவ்வொன்றும் தனி டேபில் திறக்கும். பட்டியல் அப்படியே இருக்கும்.

வியாழன் டிக் போட்டேன். வெள்ளி பார்த்தால் டிக் இல்லை. மறுபடி போட்டேன். திங்கள் இல்லை. செவ்வாயும் இல்லை.

எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் என்று வீட்டில் எனக்கொரு பெயர் உண்டு. அதனால் மூன்று நாளும் என்மேலேயே பழியைப் போட்டு எழுதினேன்.

நேற்று மேடமிடமே கேட்டேன், மிஷின் கோளாறா என்று.

“மிஷினோட சேர்ந்தது இல்லம்மா அது, உங்க அக்கவுண்டோட சேர்ந்தது. எந்த மிஷின்ல உக்காந்தாலும் கூடவே வரும். வீட்ல வேற யாராவது அதே அக்கவுண்ட்ல இருக்காங்களா?”

இல்லை என்றேன். அக்கவுண்டே என்னுடையது இல்லை என்று சொல்லவில்லை.

அக்காவுடையது. கடவுச்சொல்லை அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். எனக்கென்று ஒன்று திறந்திருக்கலாம். இதில் நுழைந்தால் திரையின் மூலையில் அவள் பெயர் தெரியும். அதற்காகத்தான்.

எட்டு மாதத்துக்கு முன் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போனும் அவளோடு போனது.

அவளுக்கு டேப்கள் பெருகிக்கிடந்தால் பிடிக்காது. ஒன்றைப் பார்த்து, மூடிவிட்டு, பிறகுதான் அடுத்தது. நான் இருபது டேப் திறந்து வைத்தால் தலையில் குட்டுவாள்.

டிக்கை எடுப்பது யார் என்று வெள்ளிக்கிழமையே எனக்குத் தோன்றிவிட்டது. எழுதத்தான் பயந்தேன்.

நாளை காலை பத்து மணிக்கு அப்பா காவல் நிலையத்துக்குப் போகிறார். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்தப் போன் இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட உயிர்பெறவில்லையாம். சித்தப்பாவும் அவரும் பேசி முடித்துவிட்டார்கள். அம்மா அக்காவின் சார்ஜரை மட்டும் சுவரிலிருந்து யாரையும் எடுக்க விடுவதில்லை.

அதனால் நேற்று டிக்கைப் போட்டுச் சேமித்த பிறகு, தேடும் பெட்டியில் எழுதினேன்: அக்கா நீதானா.

பெட்டியைத் தொட்டாலே பழைய தேடல்கள் கீழே வரிசையாக வந்து நிற்கும். அந்தப் பக்கம் யார் இருந்தாலும் கண்ணில் படும். லட்சக்கணக்கில் முடிவுகள் வந்தன. ஒன்றையும் திறக்கவில்லை.

இன்று மாலை ஆறு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்ததும் முதலில் செட்டிங்கைப் பார்த்தேன். டிக் இல்லை.

சரிதானா என்று இரண்டு முறை வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டம் காலியாகத்தான் இருந்தது.

“என்னம்மா, டிக் போட்டியா, ஆணி அடிச்சியா? அதையே முறைச்சுப் பாத்துட்டிருக்கே!” என்றார் டிரைவர் அண்ணன்.

சிரித்து வைத்தேன். பிறகு தேடும் பெட்டியைத் தொட்டேன்.

என் கேள்விக்கு மேலே ஒரு புது வரி இருந்தது.

ஜன்னல் பக்கம் உக்காராதே.

அக்கா பேசுவது போலத்தான் இருந்தது. அவள் எதையும் 'செய்யாதே' என்றுதான் தொடங்குவாள். சந்தோஷத்தில் அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன்.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டேன். அவள் போய் எட்டு மாதம். நான் இந்த வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்.

எனக்குக் கொடுத்திருக்கும் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது.

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். பதினொரு பேர் நின்றிருந்தார்கள். பதினொரு பேரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் திரை வெளிச்சம்.

பஸ் வந்தது. போனது. ஒருவர் மட்டும் ஏறாமல் நின்றிருந்தார். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. கையில் போன் அப்படியே இருந்தது. வெளிச்சம் மட்டும் இல்லை.

மேடம் கூப்பிட்டார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நிறுத்தத்தில் யாரும் இல்லை.

டிக்கைப் போட்டேன். சேமித்தேன். டிரைவர் அண்ணனையும் பார்க்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா நாளைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வது? அக்கா இருக்கிறாள் என்றா? அவள் போனை வைத்திருக்கும் யாரோ இருக்கிறார்கள் என்றா? இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். எது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஒன்பதரைக்கே, அப்பாவுக்கு முன்னால், காவல் நிலையத்துக்குப் போய் இந்த நோட்டுப் பக்கத்தைக் காட்டுவது. கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் மறுப்பது (மாற்றினால் அந்தப் பக்கம் இருப்பவர் மறுபடி எழுத முடியாது). மாலை ஆறு மணிக்கு வகுப்புக்குப் போவது. ஜன்னல் பக்கமே உட்காருவது.