உரிமையாளரின் கையெழுத்து

தோராஜா மலையின் காலை வெயில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகக் காவலன் பாலிங்கியின் புகார்த் தாளில் விழுகிறது. வயல் தகராறில் பக்கத்து வீட்டு அல்லோ வாலை அறுத்துவிட்ட எங்கள் புள்ளி எருமை வாசலில் நிற்கிறது. ஈ மொய்க்கும்போதெல்லாம் மிச்சமிருக்கும் அடிவால் அசைகிறது. “எருமைக்குச் சொந்தக்காரர் பேரு?” “லாயுக். என் அம்மா.” பேனா நின்றுவிடுகிறது. அம்மாவின் மூச்சு அடங்கிப் பதினான்கு மாதமாகிறது. கெடாமலிருக்க மருந்து ஏற்றிய உடலோடு திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறாள். எருமையை வெட்டி அவளை வழியனுப்பும் நாள்வரை எங்கள் மலை வழக்கப்படி அவள் நோயாளிதான். “வாரிசுன்னு நீங்களே போட்டுடுங்க, பெரியப்பா. சொந்தக்காரர் கையெழுத்து இல்லாம கேஸு நிக்காது. அல்லோ சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவான்.” “போகட்டும். அம்மா இருக்கும்போது நான் எப்படி வாரிசு? உங்கம்மா ரெண்டு வருஷம் படுத்திருந்தாளே, அப்ப நீ வாரிசுன்னு எழுதினியா?” பாலிங்கி தொப்பியைக் கழற்றுகிறான். திரையருகே மண்டியிட்டுப் புகாரை முதலிலிருந்து மெல்லப் படிக்கிறான். “உங்களுக்கு உடம்பு முடியலைன்னு எழுதிக்கிறேன், லாயுக்கம்மா. உங்களுக்காக மகன் கையெழுத்துப் போடலாமா?” திரை அசையவில்லை. ஒரு நோயாளி பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம்வரை இருவரும் காத்திருக்கிறோம். “சரிம்மா,” என்று சொல்லிவிட்டு அவன் பேனாவை என்னிடம் நீட்டுகிறான்.